அப்பாவின் செக் புத்தகம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஐப்பசி 24, திங்கட்கிழமை

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன், சர்க்கரை நூற்றி நாற்பதைத் தாண்டவில்லை, முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் ஏறுகிறது வெயில் வந்தால் இறங்குகிறது. நீயும் மாப்பிள்ளை செந்தமிழ்செல்வனும் அந்த ஆக்லாந்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. புயல் ஆந்திரா பக்கம் ஒதுங்கிப் போனாலும் நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பால்காரர் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். அடுத்த வீட்டு ஆரோக்கியம்மாள் டீச்சர் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு சினிமா நடிகை மாதிரி வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், உன்னை விசாரித்தாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். இந்தப் போன் நம் கம்பெனி வாங்கிக் கொடுத்தது, அருளு. மாதா மாதம் அதற்குப் பணம் கட்டுவது நம் கம்பெனி. நான் சொல்லப்போவதோ அந்தக் கம்பெனியைப் பற்றி. ஒருவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டே அவரைப் பற்றிப் பேசுகிற மாதிரி எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் என் சொந்தக் காசில் பேப்பரும் கவரும் வாங்கி எழுதுகிறேன். இதைப் பகலில், மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது படி.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். பிசியோதெரபி கிளினிக் தொடங்க அங்கே உன் பெயரில் ஒரு லிமிடெட் கம்பெனி பதிவு செய்துவிட்டதாக எழுதியிருந்தாய், பெருமையாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அப்புறம் கட்டில்களை உன் சொந்த கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டதாகவும், அதற்குப் பதிலாக இந்த மாத வீட்டு வாடகையைக் கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டிவிட்டதாகவும், எல்லாம் உன் பணம்தானே என்றும் எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் இன்னும் பன்னிரண்டு லட்சம் குறைகிறது, அப்பா கம்பெனிக் கணக்கிலிருந்து எடுத்து இங்கே இருக்கும் உன் பேங்க் கணக்கில் போட்டுவிடு என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடவில்லை என்றதும், அப்பா இருந்திருந்தா கேட்ட ஒடனே செக் எழுதியிருப்பாரு என்று இன்னொரு வரி. அந்த வரி சுட்டது அருளு, அது பொய் இல்லை என்பதால்தான் சுட்டது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கம்பெனிப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூட உனக்கு வராது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பேப்பர்.

சிப்காட் பக்கம் ஷெட்டு போட்டு, கெமிக்கல் ஃபாக்டரிகளுக்கு ஃபில்டர் பை தைத்துக் கொடுக்க உன் அப்பா தொடங்கியபோது நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அவரும் நானும் டைரக்டர், எட்டுப் பெண்கள் தையலுக்கு, பிரைவேட் லிமிடெட் என்று பித்தளையில் ஒரு போர்டு. போர்டு மட்டும்தான் தனி, பணம் எல்லாம் ஒரே பையில்தான். பால் காசு, உன் ஹாஸ்டல் ஃபீஸ், என் பட்டுப்புடவை, இந்த வீட்டு வரி, எல்லாவற்றுக்கும் கம்பெனி செக். துணி வாங்கப் பணம் இல்லாத மாதம் என் வளையல் அடகுக்குப் போகும், அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சிதம்பரத்தில் இருக்கும் நம் ஆடிட்டர் ராபர்ட் வருஷா வருஷம் தலையில் அடித்துக்கொள்வார். அப்பா சிரித்துக்கொண்டே, நம்ம கம்பெனி நம்ம வூட்டுப் புள்ளப்பா, அதுக்கிட்ட போயி யாராவது கணக்குப் பாப்பாங்களா என்பார். கூடச் சேர்ந்து சிரித்தவள்தான் நானும். பொங்கலன்று எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, கம்பெனிக்கும் ஒரு இலை என்று ஓரமாகப் போடச் சொல்வாரே, உனக்கு ஞாபகம் இருக்கும். சோறு, சாம்பார், வடை, பாயசம், எல்லாம் முறைப்படி விழும். அந்த இலைக்கு எதிரில் யாரும் உட்காரக் கூடாது என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் டைரக்டர் என்றாலும் பேங்கில் செல்லுவது அவர் கையெழுத்து மட்டும்தான். சூரத்துக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் பத்து செக்கில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார், சனிக்கிழமை சம்பளம் நிற்கக் கூடாதே என்று. இடது கைக்காரர், கையெழுத்து இடது கையில்தான். ஆனால் இடது கையால் பணம் நீட்டக் கூடாது என்று செக்கை வலது கைக்கு மாற்றித்தான் கொடுப்பார். போன வருஷம் புரட்டாசியில் போனபோது மட்டும் புதுப் புத்தகத்தின் ஐம்பது தாளிலும் போட்டு வைத்தார். எதுக்குங்க இத்தினி என்று கேட்டேன், இருக்கட்டும் லோகு, தேவப்படும் என்றார். திரும்பி வந்த மூன்றாம் நாள் காலை குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்தார், நீ அலறிக்கொண்டு வந்தாய், அதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது இது. நீ வந்து சேரும்வரை அவரை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டிக்கு அட்வான்ஸ் கேட்டார்கள், என் கையில் பணம் இல்லை, பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். தான் படுத்திருந்த பெட்டிக்குத் தானே கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்த மனிதர் உன் அப்பா. மறுநாள் மத்தியானம், உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டது என்று அவர் போனுக்குச் செய்தி வந்து மணி அடித்தது. கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் போனைப் பார்த்தார்கள், நான் மட்டும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் தவறிவிட்டார் என்று பேங்கில் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னொரு டைரக்டரைப் போட்டு, தீர்மானம் எழுதி, புதுக் கையெழுத்து ஏறும்வரை கணக்கை நிறுத்தி வைப்பார்கள் என்று ராபர்ட் சொன்னார். கருமாதி முடியட்டும் என்றேன், பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன், அப்புறம் பேங்கில் சொல்லியாகிவிட்டது என்று அவரிடம் வாய் கூசாமல் பொய்யும் சொன்னேன். எட்டுப் பெண்கள் வயிறு இருக்கிறதே என்று எனக்கே ஒரு சாக்கு. நிஜம் வேறு. சனிக்கிழமை செக் மாறும், அவர் போன் ஒருமுறை சிணுங்கும், மனிதர் எங்கேயோ துணி எடுக்கப் போயிருக்கிறார், அங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார் என்று எனக்குத் தோன்றும். அந்தப் போனுக்கு தினமும் சார்ஜ் போட்டு வைத்தேன். பால், மருந்து, கேஸ், கரண்டு எல்லாம் அவர் கையெழுத்தில் நடந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியிருக்க மாட்டாள். சித்திரையில் அந்த ஐம்பது தாளும் தீர்ந்தன, கடைசித் தாளைக் கிழித்த அன்று அவர் இன்னொரு முறை செத்துப்போன மாதிரி அழுதேன். புதுப் புத்தகம் கேட்கும் சீட்டிலும் ஏற்கனவே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார், அதைக் கொடுத்தனுப்ப அடுத்த புத்தகம் ஷெட்டுக்குத் தபாலில் வந்தது. பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். எல்லாம் வெறுமை. கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவர் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். சனிக்கிழமை காலை, இனி வழியில்லை, ராபர்ட்டிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விடலாம் என்று முடிவு செய்துகொண்டு டிராயரைத் திறந்தேன். முதல் பத்துத் தாளிலும் கையெழுத்து இருந்தது.

நான் கத்தவில்லை அருளு. சாவி என் இடுப்பில்தான் இருந்தது, வேறு சாவி கிடையாது. கையெழுத்து அவருடையதேதான், கடைசி எழுத்துக்குக் கீழே சரேலென்று இழுக்கும் கோடு, அதன் மேல் அழுத்திவைக்கும் இரண்டு புள்ளி, எல்லாம் இருந்தது. யாராவது ஏமாற்றுகிறார்களா என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை. என்னை விட்டுப் போக மனம் இல்லை இந்த மனிதருக்கு என்று நெஞ்சு நிறைந்துபோனது. ஒரு தாளைக் கிழித்து சம்பளம் கொடுத்தேன். அந்தப் பத்தும் தீர்ந்தால் அடுத்த பத்தில் இருக்கும். கேட்டால் கிடைக்கும் என்ற தைரியத்தில் ஆடித் தள்ளுபடியில் புது ஃப்ரிட்ஜ்கூட வாங்கினேன், பழையது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆயுத பூஜையன்று தையல் மெஷின், கத்திரி எல்லாவற்றோடும் செக் புத்தகத்தையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். மற்ற எதற்கும் இல்லாமல் அதற்கு மட்டும் விழுந்து கும்பிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுமோ என்று பயம்.

இந்த ஐப்பசி முதல் வாரம் ஒரு ஃபாக்டரியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாம் தைத்த பை கிழிந்து ஒரு நாள் சரக்கு முழுதும் வீணாகிவிட்டதாம், இருபத்திரண்டு லட்சம் நஷ்ட ஈடு வேண்டுமாம். போன செவ்வாய்க்கிழமை நோட்டீசையும் பேங்க் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். தெற்கு வீதியில் மாடியில் இருக்கிறது ராபர்ட் ஆபீஸ், படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது, காபி வாங்கிக் கொடுத்தார். நோட்டீசைப் படித்துவிட்டு, பயப்படாதீங்கம்மா, லிமிடெட் கம்பெனிங்கறதே இதுக்குத்தான், கேட்டா கம்பெனிகிட்டதான் கேக்க முடியும், உங்க வூட்டுப் பக்கம் வர முடியாது என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கம்ப்யூட்டரில் மாறிய செக்குகளின் படத்தை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். முன்னும் பின்னுமாகத் தள்ளித் தேதிகளைச் சரிபார்த்தார். கடைசியில் மெதுவாக, மொத புக்கு சார் முன்னாடியே போட்டு வச்சதுன்னு வச்சிக்கலாம்மா, ரெண்டாவது புக்கு பேங்குல அச்சடிச்சதே சித்திரையிலதான், சார் அதுக்கு முந்தின பொரட்டாசியிலயே போயிட்டாரு, இதுல யாரும்மா கையெழுத்துப் போட்டது என்று கேட்டார்.  என்ன சொல்வது, உங்கள் சார்தான் என்றா சொல்ல முடியும். அவர் அதற்கு மேல் நோண்டாமல் பொறுமையாக விளக்கினார். கம்பெனின்னா தனி ஆளும்மா, உங்க வூட்டுல ஒரு ரூம்புல குடியிருக்கிற வேற ஒருத்தரு மாரி, அவுரு பர்ஸுல நீங்க கை வைக்கக் கூடாது, உங்க பர்ஸுல அவுரு கை வைக்கக் கூடாது, அப்பிடி இருந்தாதான் அவுரு கடனுக்கு உங்கள இழுக்க முடியாது, இங்க பால் காசுலருந்து வூட்டு வரி வரைக்கும் கம்பெனி கட்டியிருக்கு, அப்ப வூடும் கம்பெனிதானேன்னு நாளைக்கு கோர்ட்ல கேட்டா நாம என்னம்மா சொல்றது என்றார். வீடு போகும் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை நடுங்க வைத்தது அது இல்லை. ஒரு ரூமில் குடியிருக்கிற வேறு ஒருத்தர் என்றாரே, அதுதான். இத்தனை வருஷமாக ஓரத்தில் இலை போட்டுச் சோறு வைத்தது அவருக்குத்தானா, இந்த ஒரு வருஷமாக எனக்குச் சோறு போடுவது என் புருஷனா அவரா என்று ஆலப்பாக்கம் தாண்டும்வரை அதே நினைப்பாக இருந்தது.

புதன்கிழமை ஷெட்டுக்குப் போய் தில்லையம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன். முதல் நாளிலிருந்து நம்மிடம் தைப்பவள், உன் மஞ்சள் நீராட்டுக்குக்கூட வந்தவள், அவளுக்குத் தெரியாமல் அந்த ஷெட்டில் ஈ நுழையாது. அப்பா மேசைக்கு நான் இல்லாதபோது யாராவது போகிறார்களா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். யாரும் போறதில்லக்கா, நீங்கதான் வெள்ளிக்கெழம சாப்பாட்டு நேரத்துல சார் சீட்டுல ஒக்காந்துக்கினு எடது கையால மடமடன்னு போடுவீங்களே என்றாள்.  அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், கூப்புட்டா திரும்ப மாட்டீங்க, மூஞ்சி வேற மாரி இருக்கும், முடிச்சிட்டு பேனாவ சட்டப் பையில சொருவுறாப்புல நெஞ்சுக்கிட்ட கொண்டுபோவீங்க, சார் போன துக்கத்துல அவுரு மாரியே பழவிக்கினீங்கன்னு நாங்களும் மெஷின நிறுத்திட்டு சத்தம் போடாம இருப்போம் என்றாள். வெள்ளிக்கிழமைகளில் ஷெட்டில் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருவேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அன்று மாலை வீட்டுக்கு வந்து இடது கையில் பேனாவைப் பிடித்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். முதல் எழுத்துக்குள்ளேயே பேனா வழுக்கி விழுந்தது, எல்கேஜி பிள்ளைகூட அதைவிட நன்றாக எழுதும். அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

செக் புத்தகத்தை ஷெட்டில் வைத்தால்தானே வம்பு என்று வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன், பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். திங்கட்கிழமை பேங்கில் ஒப்படைத்துவிடுவது என்று தீர்மானம். வியாழக்கிழமை உன் செய்தி வந்தது. யாரிடமும் காட்டவில்லை, வாய்விட்டுக்கூடப் படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குப் போகவில்லை, சாப்பிட்டுவிட்டு மழைச் சத்தத்தில் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தேன். கண் விழித்தபோது படுத்திருக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தில் மணி மூன்றரை, வெளியே மழை விட்டு வெயில் அடித்தது. எதிரே செக் புத்தகம் திறந்து கிடந்தது, என் இடது கையில் பேனா, நடுவிரலில் மை. பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இதுவரை வெறும் கையெழுத்து மட்டும்தான் இருக்கும், மீதியை நான்தான் நிரப்புவேன். இந்தத் தாளில் எல்லாமே எழுதியிருந்தது, அவருடைய சாய்ந்த எழுத்தில். அன்றைய தேதி, உன் பெயர், பன்னிரண்டு லட்சம் ரூபாய் மட்டும், கீழே கோடும் இரண்டு புள்ளியும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, பொறாமை. ஒரு வருஷம் பக்கத்திலேயே இருந்து எனக்கு எழுதாத ஒரு வார்த்தையை, நீ கேட்ட மறுநாளே உனக்கு எழுதிவிட்டாரே என்று இருந்தது. நீ சொன்னது சரிதான் அருளு, கேட்டவுடன் கொடுத்துவிட்டார்.

கணக்கில் அவ்வளவு பணம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போய் உன் கணக்கில் போட்டிருந்தால் திங்கட்கிழமைக்குள் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். ஒரு நிமிஷம் அந்த நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கம்பெனிப் பணம் குடும்பத்தில் யார் பெயருக்குப் போனாலும், கடன்காரனிடமிருந்து ஒளித்துவைத்த பணம் என்று அவர்களையும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று அன்று சிதம்பரத்தில் ராபர்ட் சொன்னது காதில் இருந்தது. தாளைப் புத்தகத்திலிருந்து எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போனேன். வலது கை இழுத்தது. இடது கை விடவில்லை. என் கைதான், என் மோதிரம் போட்ட விரல்தான், சொன்னால் கேட்கவில்லை. இரும்புப் பிடி. எவ்வளவு நேரம் அப்படி என்னோடு நானே மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேனோ தெரியாது, புடவை வியர்வையில் நனைந்துவிட்டது. கடைசியில் அழுதுகொண்டே அவரிடமே பேசினேன். ஏங்க, விடுங்க, இது நம்ம பணம் இல்லீங்க, கம்பெனி பணம், இத எடுத்துக் குடுத்தா நம்ம புள்ளையத்தான் இழுப்பாங்க, எங்கிட்ட இருக்கறத நான் குடுக்கறேன், நீங்க விடுங்க என்றேன்.  பிறகு சுண்டுவிரல் முதலில் தளர்ந்தது, அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற விரல்கள். தாள் கிழிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் தனியாக இருக்க முடியாமல் ஆரோக்கியம்மாள் டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லி சமாளித்தேன்.

இன்று காலை ராபர்ட்டையும் தில்லையம்மாளையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன், ஒரு வருஷம் பீரோவில் மடித்து வைத்திருந்த காகிதம். இரண்டாம் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது என் கை என்று எழுதிக் கொடுத்தேன், அதற்கு மேல் எப்படி விளக்குவது. மேனேஜர் சின்னப் பெண், முகம் வெளிறிவிட்டது, மேலிடத்துக்கு எழுத வேண்டும், கேஸ்கூட ஆகலாம் என்றாள். ஆகட்டும், பதில் சொல்கிறேன். மீதித் தாள்களிலும் கிழிந்த துண்டிலும் குறுக்கே கோடு போட வைத்து வாங்கிக்கொண்டாள், கணக்கை நிறுத்திவிட்டாள். இந்த வாரச் சம்பளத்துக்கு என் சங்கிலியை அடகு வைத்தேன், ஆனால் இந்த முறை அது நான் கம்பெனிக்குக் கொடுத்த கடன் என்று ராபர்ட் பத்திரம் எழுதிவிட்டார். வீட்டுக்காக நான் எடுத்த நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரத்தை என் சம்பளத்தில் பிடித்துக் கம்பெனிக்குத் திருப்பிக் கட்டப்போகிறேன், ஃப்ரிட்ஜ் ஷெட்டுக்குப் போகிறது, தையல்காரப் பெண்களுக்காவது குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். அடுத்த டைரக்டராக ராபர்ட் உன் பெயரைச் சொன்னார், நான் வேண்டாம் என்று தில்லையம்மாளைப் போடச் சொன்னேன். இனிமேல் அவளும் நானும் சேர்ந்து போட்டால்தான் செக் செல்லும். இத்தனையும் செய்தும் இந்த வீடு மிஞ்சுமா என்று தெரியாது, ராபர்ட் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார். வீடு போனால் ஆரோக்கியம்மாள் டீச்சர் மாடியில் வாடகைக்கு இருந்துகொள்கிறேன், நீ அதற்காக அழக் கூடாது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், அம்மா என்ன படித்தவளா என்று தள்ளிவிடாதே. அந்த வீட்டு வாடகையைக் கம்பெனிக்கு இன்றைக்கே திருப்பிக் கட்டு. கார்டில் வாங்கிய கட்டில்களைக் கம்பெனிக்கு நீ கொடுத்த கடன் என்று தேதி போட்டு எழுதி வை. உனக்கு மாதம் இவ்வளவு சம்பளம் என்று ஒரு தொகையை வைத்துக்கொள், அதற்கு மேல் கம்பெனிப் பணத்தில் ஒரு காபிகூடக் குடிக்காதே. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதே, மாப்பிள்ளையிடம்கூட, அவர் கோபித்துக்கொண்டால் அத்தை சொன்னாள் என்று சொல். முக்கியமாக, கம்பெனியை வீட்டுப் பிள்ளை என்று விளையாட்டுக்கும் சொல்லாதே. நெல்லிக்குப்பத்தில் என் அப்பா எனக்கு எழுதி வைத்த கரும்பு நிலத்தின் குத்தகைப் பணம் போஸ்டாபீசில் என் பெயரில் மூன்று லட்சத்து இருபதாயிரம் இருக்கிறது, கம்பெனிப் பணம் அதில் ஒரு பைசா சேர்ந்ததில்லை. நாளைக்கு அதை எடுத்து உன் கணக்கில் போடுகிறேன். குறைகிறது என்று தெரியும். சின்னதாகத் தொடங்கு கண்ணு, இரண்டு கட்டில் போதும்.

நீயும் மாப்பிள்ளையும் தொட்ட தொழில் துலங்கி, கடன் இல்லாமல், மனசு லேசாக நெடுநாள் வாழ வேண்டும், நடராஜர் துணை இருப்பார். மழைக்கு இங்கே போஸ்டாபீஸ் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள், அதனால் முடிக்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கணக்கை நிறுத்தியாகிவிட்டது, இனி ஒரு பைசா வெளியே போக வழியில்லை என்று மேனேஜர் சொல்கிறாள், அவளுக்கு உன் அப்பாவைத் தெரியாது. என்றைக்காவது நம் கம்பெனி பெயரில் உன் கணக்கில் பன்னிரண்டு லட்சம் வந்து விழுந்தால், அது நான் அனுப்பியது இல்லை, தொடாமல் திருப்பி அனுப்பிவிடு. அதற்கும் முன்னால், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், வேணாம்ப்பா, போதும் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடு. கேட்டது நீ, அதனால் நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் பாதிதான் கேட்கிறார்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
லோகநாயகி